பட்டாளத்துக்குப் போன நாமும் பயிற்சிக் கல்லூரிக்குப் போன அவர்களும்

(நெல்லிக்குப்பத்தில் நடந்த கருத்தரங்கில் பேசியது. எழுதும்போது சில விவரங்களைச் சேர்த்திருக்கிறேன். பேச்சு மொழி வந்த இடங்களைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘ராணுவக் கல்லூரிகளும் தேச வரலாறும்’. கவிதை எழுதுறவனக் கூப்ட்டு இதப் பேசச் சொன்னா எப்டிங்க என்று கேட்டேன். "ஒங்க பெரியப்பா மிலிட்டரிதான? பேசுங்க" என்று சொல்லிவிட்டார் கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர். சரி, பெரியப்பாவிடமிருந்தே தொடங்குகிறேன்.

பெரியப்பா பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் சேப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்தார். பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, பதுங்குகுழி வெட்டுவது அவர்கள் வேலை. 1971 யுத்தத்தில் கிழக்கு வங்காளத்தில் ஆற்றுக்கு மேல் பாலம் போட்டவர்களில் அவரும் ஒருவர். அவில்தாராக ஓய்வு பெற்று, வெள்ளை பெயிண்டில் நம்பர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வந்தார். அந்தப் பெட்டி இப்போது எங்கள் வீட்டில் அரிசி வைக்க இருக்கிறது.

முதல் லீவில் வந்தபோது பூட்ஸ் போட்டுக்கொண்டு ஊர்த்தெரு வழியாக வந்திருக்கிறார். திண்ணையில் இருந்தவர்கள் நிறுத்தி, கழட்டிக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். கழட்டினார். லேசை முடிச்சுப் போட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார். அதற்கப்புறம் எந்த லீவிலும் அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. வாய்க்கால் கரை மேல் அரைமைல் சுற்றித்தான் வருவார். எங்கள் காலனியில் சட்டைப்பையில் பேனா வைத்திருந்த முதல் மனுசரும் அவர்தான். பட்டாவுக்கு மனு, சுடுகாட்டுப் பாதைக்கு மனு, முதியோர் பென்சனுக்கு மனு, எல்லாம் அவர் கையெழுத்தில்தான் போனது.

ஒருமுறை கேட்டேன்: "பெரிப்பா, நம்ம ஆளு ஆபிசரு யாரனா இருந்தாங்களா?" ரொம்ப நேரம் யோசித்தார். "இருந்திருக்கலாம். எனுக்குத் தெரிஞ்சி நம்ம ஆளுக்கு நான் சல்யூட் அடிச்சதில்ல."

இன்றைக்கு நான் பேசப்போவது இந்தப் பதிலைப் பற்றித்தான்.

நான் வேலை செய்கிற வங்கியிலேயே இதைப் பார்க்கலாம். வாசலில் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் காவலர் முன்னாள் சிப்பாய். வட்டார அலுவலகத்தில் தனி அறையில் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருப்பார். அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கவே கேப்டன் அல்லது மேஜர் அந்தஸ்தில் இருந்திருக்க வேண்டும். ரெண்டு பேரும் ஒரே ராணுவம், ஒரே கொடி. நவம்பர் மாதத்தில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வருகிற முன்னாள் ராணுவத்தினருக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. கைநாட்டு வைக்கும் விதவைகளும், ‘ஜெய்ஹிந்த்’ என்று சொல்லிவிட்டு ஓரமாய் நிற்கும் கிழவர்களும் வருவார்கள். அவர்களில் நம் காலனிக்காரர்கள் எத்தனையோ பேர். அதிகாரிப் பென்சன் வாங்கும் காலனிக்காரர் ஒருவருக்குக்கூட நான் இன்னும் படிவம் நிரப்பியதில்லை.

இது எப்படி ஆச்சு? இதற்குப் பதில் தேட நாம் டெல்லிக்குப் போக வேண்டாம். இங்கிருந்து பஸ் ஏறினால் கடலூர், அங்கே தேவனாம்பட்டினம். அங்கே இடிந்து கிடக்கிறதே புனித டேவிட் கோட்டை, அதை 1690இல் மராத்தியரிடமிருந்து கும்பினி வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் உள்ள ஊர்களெல்லாம் எங்களுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்று பெயரிலேயே அந்தக் குண்டைச் சுமக்கும் ஊர் இன்னும் இருக்கிறது. 1748 ஜனவரியில் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்கிற வெள்ளைக்காரத் தளபதி இந்தக் கோட்டைக்கு வந்து, காவல்காரர்களாகச் சிதறிக் கிடந்தவர்களைக் கம்பெனிகளாகக் கட்டி ஒழுங்குபடுத்தினான். அந்த வருசம் ஜூனில் கடலூரைப் பிடிக்க வந்த பிரெஞ்சுக்காரர்களை அடித்துத் துரத்தவும் செய்தான். ‘இந்திய ராணுவத்தின் தந்தை’ என்று அவனைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆக, அந்தத் தொட்டில் நம் வீட்டுக்குப் பக்கத்தில்தான் ஆடியிருக்கிறது.

அந்தச் சென்னைப் படையில் பறையர்கள் இருந்தார்கள். 1780இல் தொடங்கிய பயனியர்கள்தான் பிறகு சேப்பர்ஸ் ஆனார்கள். அதில் நம்மவர்கள் கணிசமாக இருந்தார்கள். பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். கோரேகான் தூணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வீரத்தை அல்ல, பள்ளிக்கூடத்தை. கும்பினிப் படையில் சிப்பாய்க்கும் அவன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் படிப்பு இருந்தது. அண்ணல் அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் ராணுவப் பள்ளியில் பதினான்கு வருசம் தலைமையாசிரியராக இருந்த சுபேதார். அம்பேத்கர் பிறந்த மோவ் ஒரு ராணுவக் குடியிருப்பு. ஊருக்குள் எந்தக் கிணற்றிலும் தண்ணீர் எடுக்க முடியாத சாதிக்காரன் கன்டோன்மென்ட்டில் கரும்பலகை முன்னால் நின்று பாடம் சொன்னான். அந்த ஒரு தலைமுறைப் படிப்பிலிருந்து வந்தவர்தான் அவர்.

அந்தக் கதவைத்தான் சாத்தினார்கள். லார்ட் ராபர்ட்ஸ் என்று ஒருத்தன். 1881லிருந்து 85 வரை சென்னைப் படைக்குத் தளபதி, அப்புறம் இந்தியா முழுமைக்கும் தளபதி. தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை, பஞ்சாபியும் பட்டாணியும் கூர்க்காவும்தான் ‘வீர இனங்கள்’ என்று தீர்மானம் பண்ணினான். மனுதர்மத்தை வெள்ளைக்காரன் யூனிபார்ம் போட்டு எழுதினது மாதிரி. சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன, அல்லது வடக்கத்திக்காரர்களால் நிரப்பப்பட்டன. 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 1894இல் கோபால் பாபா வலங்கர் மனு எழுதினார். 1910இல் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே மனு எழுதினார். முதல் உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்டபோது, 1917இல், 111ஆம் மகர் படை என்று ஒன்று வந்தது. யுத்தம் முடிந்ததும் 1921இல் கலைத்தார்கள். இங்கே மெட்ராஸ் பயனியர்களை 1933இல் கலைத்தார்கள். தேவைப்பட்டால் கூப்பிடுவது, முடிந்ததும் அனுப்புவது. கரும்பு வெட்டுக்கு ஆள் கூப்பிடுற மாதிரிதான். இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதே காலத்தில் மேலே இன்னொரு கதவு திறந்துகொண்டிருந்தது. வைசிராய் சபையில் ராணுவ உறுப்பினராக இருந்த ஜெனரல் செஸ்னி, இந்தியர்களை அதிகாரிகளாக்க ஒரு ராணுவக் கல்லூரி வைக்கலாம் என்று 1880களிலேயே யோசனை சொன்னார். ராபர்ட்ஸ் எதிர்த்தான். அதே செஸ்னி லண்டன் போய்ப் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். அப்போது ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. நடத்தினால் பார்ப்பனர்கள்தான் மொத்தமாக வந்து உட்காருவார்கள், எங்கள் கதி என்ன என்று இரட்டைமலை சீனிவாசன் எதிர்மனு தயாரித்தார். 3412 பேர் கையெழுத்து. அந்த மனு பாராளுமன்றத்துக்குப் போனது செஸ்னி கையால்தான். நம் பாட்டன்கள் அன்றைக்கே ஒன்றைப் புரிந்துவைத்திருந்தார்கள்: தேர்வு என்பது யாருக்கு நடத்தப்படுகிறது, எந்தப் பள்ளியில் படித்தவன் அதில் தேறுவான் என்று கேட்காமல் அதற்குக் கைதட்டக் கூடாது.

1918இல் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் வருசத்துக்குப் பத்து இடம் இந்தியர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். போனவர்கள் ஜமீன் வீட்டுப் பிள்ளைகள், விசுவாசமான குடும்பங்களின் வாரிசுகள். அங்கிருந்து வெளிவந்த முதல் இந்தியர்களில் ஒருவர் இஸ்கந்தர் மிர்சா. 1928இல் வெளிவந்தவர் அயூப்கான். இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வச்சிக்குங்க.

அப்புறம் வட்டமேசை மாநாடு. அதில் பாதுகாப்புத் துணைக்குழுவில் அம்பேத்கர் இருந்தார். ராணுவத்தின் எல்லாப் பிரிவுக்கும் எல்லாப் பதவிக்கும் எல்லாச் சாதியாருக்கும் சேர்க்கை திறந்திருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். மாநாட்டுக்கு இந்து மகாசபையின் மூஞ்சேயும் போயிருந்தார். திரும்பும் வழியில் 1931 மார்ச்சில் ரோமில் இறங்கி முசோலினியைப் பார்த்தார். இந்தியாவில் ராணுவக் கல்லூரி அமைக்கத் திட்டம் போட்ட குழுவிலும் இருந்தார். 1937இல் நாசிக்கில் போன்ஸ்லா ராணுவப் பள்ளியைத் தொடங்கினார். ஒருவர் ‘எல்லோருக்கும் கதவைத் திற’ என்று கேட்டார். இன்னொருவர் சொந்தமாகவே ஒரு வாசல் கட்டிக்கொண்டார். ராணுவப் பள்ளி என்றால் என்ன என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. 2021இல் மத்திய அமைச்சரவை தனியார் கூட்டோடு 100 சைனிக் பள்ளிகள் தொடங்க ஒப்புதல் தந்தது. அவற்றை யார் யார் நடத்துகிறார்கள் என்ற பட்டியலைத் தோழர்கள் ஒருதரம் படித்துப் பாருங்கள். அதில் அந்த முகாமின் அமைப்புகளும் இருக்கின்றன.

1932இல் டேராடூனில் இந்திய ராணுவக் கல்லூரி திறந்தார்கள். முதல் வகுப்பில் 40 பேர். பதினைந்து பேர் போட்டித் தேர்வில் வந்தவர்கள், பதினைந்து பேர் ராணுவத்தில் சிப்பாய் மட்டத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், பத்துப் பேர் சமஸ்தானப் படைகளிலிருந்து. சிப்பாய்க்குப் பதினைந்து இடம் கொடுத்திருக்கானே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் எந்தச் சிப்பாய்? நாற்பது வருசத்துக்கு முன்னாலேயே நம்மைச் சிப்பாயாகச் சேர்ப்பதை நிறுத்தியாச்சே! கீழே இருக்கும் கதவைச் சாத்திவிட்டு மேலே ஏணி வைத்தால், அந்த ஏணி யாருக்கு?

அந்த நாற்பது பேரில் மூன்று பேர் மூன்று நாட்டு ராணுவங்களுக்குத் தலைமைத் தளபதி ஆனார்கள். இந்தியாவுக்கு மானெக்‌ஷா, பாகிஸ்தானுக்கு முகமது மூசா, பர்மாவுக்கு ஸ்மித் டுன். ஒரே வகுப்பறை! மானெக்‌ஷா பார்சி. மூசா குவெட்டாவின் ஹஸாரா. ஸ்மித் டுன் கரேன் இனத்தவர். மூவரும் சிறுபான்மையினர் என்பது எனக்கு ரொம்ப யோசனையாக இருந்தது. இதில் ஸ்மித் டுன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது நமக்கு வேண்டியது.

குள்ளமான மனிதர். தன் நினைவுக் குறிப்புக்கே ‘நான்கடிக் கர்னல்’ என்றுதான் தலைப்பு வைத்தார். டேராடூனில் மரியாதை வாள் வாங்கியவர். பர்மா சுதந்திரம் அடைந்தபோது அவர்தான் ராணுவத் தலைவர். 1949 தொடக்கத்தில் கரேன்கள் ஆயுதம் எடுத்தார்கள். அவர் அதில் சேரவில்லை. இருந்தாலும் கரேன் என்பதால் ஒதுக்கினார்கள். அந்த நாற்காலியில் நே வின் உட்கார்ந்தான். 1962 மார்ச் 2இல் நே வின் ஆட்சியையே பிடித்தான். பர்மாவில் தலைமுறை தலைமுறையாகச் செட்டியார்களுக்குக் கூலி வேலை செய்த, ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் ஜனங்கள் கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி வந்தது அதற்கப்புறம்தான். நம் பக்கத்தில் பர்மா காலனி என்று பெயர் வைத்த இடமெல்லாம் அந்த ஆட்சிக் கவிழ்ப்பின் தழும்புகள். 2021 பிப்ரவரி 1இல் மறுபடியும் கவிழ்த்தான் மின் ஆங் லைங், அவனும் பர்மிய ராணுவக் கல்லூரி மாணவன்தான். ஒரு கல்லூரியில் யாரைச் சேர்த்தான், யாரை வெளியே தள்ளினான் என்பது கடல் தாண்டி நம் சேரி வரைக்கும் வந்து சேருகிறது.

பாகிஸ்தானில் 1958 அக்டோபரில் இஸ்கந்தர் மிர்சா ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். மூன்றே வாரத்தில் அவரையே நாடு கடத்திவிட்டு அயூப்கான் உட்கார்ந்தார். ஒரே கல்லூரி மாணவர்கள்! அடுத்து வந்த யாகியாகான் டேராடூன். 1999இல் வந்த முஷாரப் அவர்களுடைய காகுல் கல்லூரி. பஞ்சாபின் ஒருசில மாவட்டங்களில் ஆளெடுத்து நிரப்பிய ராணுவம் அது. இது வரும் என்று 1940லேயே ஒருவர் கணக்குப் போட்டார். ‘பாகிஸ்தான் பற்றிய சிந்தனைகள்’ நூலில் அம்பேத்கர் ஒரு முழுப் பகுதியை ராணுவத்தில் எந்தச் சமூகம் எவ்வளவு என்ற கணக்குக்கே ஒதுக்கியிருக்கிறார். மத்திய சட்டசபையில் அந்தக் கணக்கைக் கேட்டபோது வெள்ளை அரசாங்கம் கொடுக்க மறுத்ததையும் பதிவு செய்திருக்கிறார். மற்றவர்கள் ராணுவத்தை ‘தேசத்தின் கை’ என்று பாடிக்கொண்டிருந்தபோது, அந்தக் கை எந்தச் சாதி, எந்த மாவட்டம் என்று கேட்டது அவர் ஒருவர்தான்.

இலங்கைக்கு வருவோம். 1955இல் இலங்கை ராணுவத்தின் முதல் உள்நாட்டுத் தளபதி ஒரு தமிழர், அன்ரன் முத்துக்குமாரு. இன்றைக்கு நம்ப முடிகிறதா? 1962 ஜனவரியில் அங்கே ஆட்சியைக் கவிழ்க்க ஒரு முயற்சி நடந்து, தொடங்கும் முன்பே பிடிபட்டது. அதில் இருந்த ராணுவ, போலீஸ் அதிகாரிகள் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். சிங்களர், தமிழர், பறங்கியர் எல்லோரும் இருந்தார்கள். அதைக் காரணம் காட்டி அதிகாரிச் சேர்க்கையைச் சிங்கள பௌத்தர்கள் பக்கம் திருப்பினார்கள். 1983இல் யுத்தம் வந்தபோது எதிரே நின்றது ஏறக்குறைய ஒரே இனத்தின் ராணுவம். 1971இல் தியத்தலாவைப் பயிற்சி நிலையத்துக்குள் போன கோத்தபய ராஜபக்ச 2009இல் பாதுகாப்புச் செயலாளர், 2019இல் ஜனாதிபதி. முள்ளிவாய்க்காலைப் பற்றிப் பேசும்போது அந்தப் பயிற்சி நிலையத்தின் வாசலையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இந்தியாவில் ராணுவ ஆட்சி வரவில்லை, நாம் ஜனநாயகவாதிகள் என்று ஒரு பெருமை உண்டு. உண்மைதான், வரவில்லை. 1971இல் எதிரெதிரே நின்ற மானெக்‌ஷாவும் யாகியாவும் டேராடூன்காரர்கள். அப்போது பாதுகாப்பு அமைச்சர் நம் ஜெகஜீவன்ராம். ஒரு சமார் வீட்டுப் பிள்ளை அமைச்சராக இருந்து நடந்த யுத்தம் அது. ஆனால் அமைச்சர் ஐந்து வருசத்துக்கு ஒருவர். அதிகாரி வர்க்கம் அப்படியல்ல.

மகர் ரெஜிமென்ட்டைப் பாருங்கள். 1941 ஜூலையில் அம்பேத்கரைப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் சேர்த்தார்கள், அக்டோபரில் பெல்காமில் அந்தப் படை உருவானது. ஐம்பது வருசம் மனு எழுதியதற்குக் கிடைத்தது. அந்த ரெஜிமென்ட்டின் அதிகாரிகளில் ரெண்டு பேர் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனார்கள்: கே.வி.கிருஷ்ணா ராவ், கே.சுந்தர்ஜி. ரெண்டு பேரும் மகர் இல்லை. சுந்தர்ஜி நம் செங்கல்பட்டில் பிறந்த தமிழ்ப் பார்ப்பனர். பெயர் மகருடையது, சிப்பாய் மகர், மேலே ஏறிப் போனவர் வேறு.

1987இல் இந்திய அமைதிப்படை ஈழத்துக்குப் போனபோது தலைமைத் தளபதி அதே சுந்தர்ஜிதான். அக்டோபர் 12ஆம் தேதி அதிகாலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிவிடப்பட்டவர்களில் 13ஆவது சீக்கிய லைட் இன்பான்ட்ரியின் 30 பேர் இருந்தார்கள். திட்டம் புலிகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. பின்னால் வரவேண்டிய உதவி வரவில்லை. 29 பேர் செத்தார்கள், அவர்களுடைய மேஜரும் அதில் ஒருவர். ஒருவர் பிடிபட்டார். சீக்கிய லைட் இன்பான்ட்ரி யாருடைய படை தெரியுமா? மஸ்ஹபி சீக்கியர், ராம்தாசியா சீக்கியர். அதாவது பஞ்சாபின் துப்புரவுத் தொழிலாளிகளும் செருப்புத் தைப்பவர்களும், நம்ம ஆட்கள். பஞ்சாபின் சேரியிலிருந்து புறப்பட்டு வந்து, எதற்கென்று தெரியாமல், யாழ்ப்பாணத்து மண்ணில் விழுந்து கிடந்தார்கள். அதே மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படை நோயாளிகளையும் மருத்துவர்களையும் ஊழியர்களையும் சுட்டது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ரெண்டையும் சேர்த்தே நான் சொல்கிறேன். ஒன்றை மட்டும் சொன்னால் அது நாணயமாக இருக்காது.

என் பெரியப்பாவும் அந்த வருசம் அங்கே இருந்தார். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. ஒரே ஒருமுறை, குடித்திருந்தபோது சொன்னார்: "தமிழ் தெரியும்னு சொல்லி, கதவத் தட்டறதுக்கு என்னத்தான் முன்னால அனுப்புவாங்கடா." அவ்வளவுதான். தட்டின கதவுக்கு அந்தப்பக்கம் யார் இருந்தார்கள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்று வரைபடத்தில் புள்ளி வைத்த அதிகாரி பெரியப்பா பெயரைக்கூடத் தெரிந்துவைத்திருக்க மாட்டார்.

இன்னொரு விசயம். குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படை என்று குதிரைமேல் உட்கார்ந்து வருவார்களே, அதில் ராஜபுத்திரர், ஜாட், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று சாதிகளிலிருந்துதான் வீரர்களை எடுக்கிறோம் என்று 2013இல் உச்ச நீதிமன்றத்தில் ராணுவமே ஒப்புக்கொண்டது. கே.ஆர்.நாராயணனும் ராம்நாத் கோவிந்தும் அந்தக் குதிரைகளுக்கு நடுவில்தான் போனார்கள். முப்படைகளுக்கும் தலைவர், ஆனால் அவர் சாதிக்காரன் அவருக்குக் காவல் நிற்க முடியாது! ராணுவத்தில் சாதி பார்ப்பதில்லை, அதனால் இடஒதுக்கீடு கிடையாது என்பார்கள். சாதி பார்க்காத இடத்தில் ஜாட் ரெஜிமென்ட் எதற்கு, ராஜபுத்திர ரெஜிமென்ட் எதற்கு? 2022இல் அக்னிபத் ஆள்சேர்ப்பில் சாதிச் சான்றிதழ் கேட்கிறீர்களே என்று கேள்வி வந்தபோது, அது பழைய நடைமுறைதான் என்றார்கள். அந்த அக்னிபத்தும் நாலு வருசம்தான், நூற்றில் இருபத்தைந்து பேர் வரைதான் தங்கலாம். பெரியப்பாவுக்குக் கிடைத்த பென்சனும் இனி முக்கால்வாசிப் பேருக்கு இல்லை.

சைனிக் பள்ளியில் பட்டியல் சாதிக்குப் பதினைந்து சதவீதம் இடம் உண்டு. உடுமலைக்குப் பக்கத்தில் அமராவதி நகரில் 1962லிருந்து ஒரு சைனிக் பள்ளி இருக்கிறது, நம் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. ஆனால் அங்கே படித்து முடித்துக் கடக்வாஸ்லாவுக்கோ டேராடூனுக்கோ பரங்கிமலைக்கோ எழுதினால் இடஒதுக்கீடு இல்லை. விண்ணப்பக் கட்டணம் மட்டும் நமக்குக் கிடையாது. அரசாங்கம் நமக்குச் செய்திருக்கிற சலுகை அதுதான்.

நானும் ஒருதரம் எழுதினேன். பட்டம் வாங்கிய வருசம். எழுத்துத் தேர்வில் தேறி நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். எந்த ஊர் என்பது வேண்டாம். மொத்தம் ஐந்து நாள். மார்பில் நம்பர் கட்டிவிடுவார்கள். மங்கலான படம் ஒன்றைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள், அதைக் குழுவாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் விவாதிக்க வேண்டும். அதில் தேறினால்தான் மற்ற நாட்கள். என் குழுவில் இருந்தவர்களில் ஒருவனுக்கு அப்பா பிரிகேடியர், இன்னொருவனுக்கு மாமா விங் கமாண்டர். அவர்கள் சாப்பாட்டு மேசையில் பேசுகிற ஆங்கிலம் எனக்குத் தேர்வுத்தாள் ஆங்கிலம். நான் வாய் திறப்பதற்குள் விவாதம் முடிந்துவிட்டது. அப்பா தொழில் என்ற இடத்தில் கரும்பு வெட்டு என்று எழுதியிருந்தேன். முதல் நாள் சாயங்காலமே ரயிலேற்றிவிட்டார்கள். யாரும் என்னை அவமானப்படுத்தவில்லை, அதையும் சொல்லணும். மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். ‘அதிகாரிக்குரிய பண்புகள்’ என்று பதினைந்து வைத்திருக்கிறார்கள். அவை யார் வீட்டில் விளைகிற பண்புகள் என்பதுதான் விசயம். அப்புறம் வங்கித் தேர்வு எழுதினேன். இடஒதுக்கீடு என்னை உள்ளே கொண்டுவந்தது. அது இல்லையென்றால் நானும் இப்போது அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன்.

தோழர்கள் சிலர் கேட்பது எனக்குத் தெரியும். ராணுவம் அரசின் அடக்குமுறைக் கருவி, காஷ்மீரிலும் வடகிழக்கிலும் அது செய்ததெல்லாம் தெரியாதா, அதில் நம் பிள்ளைகளை அதிகாரி ஆக்கி என்ன கிழிக்கப்போகிறோம்? நியாயமான கேள்வி. ஸ்மித் டுன் உள்ளே போனார், தலைமைத் தளபதியே ஆனார், ஒரே நாளில் வெளியே நிறுத்தினார்கள். உள்ளே போவது மட்டும் போதாது. ஆனால் ஒன்று யோசியுங்கள். நாம் உள்ளே போகவில்லையா என்ன? 1748லிருந்து உள்ளேதான் இருக்கிறோம். செத்தது நாம், குழி வெட்டியது நாம், கதவைத் தட்டியது நாம். போகலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கிற அறைக்குள் மட்டும்தான் இல்லை. ராணுவமே வேண்டாம் என்று சொல்லுகிற தோழர், கலெக்டர் ஆபீஸ் வேண்டாம் என்று சொல்லவில்லையே. தாமிரபரணியில் 1999இல் நம் ஜனங்களை ஆற்றுக்குள் விரட்டியது போலீஸ். அதற்காகப் போலீஸ் வேலைக்கு எழுதாதே என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை.

இதை இப்போது பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி, கடலூரில் கடைசி வருசம் படிக்கிறான். ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வுக்கு விண்ணப்பம் போடணும், பரங்கிமலையைக் குறிக்கணும் என்று போன வாரம் வங்கிக்கு வந்தான். 1963லிருந்து அங்கே அதிகாரிகளை உருவாக்குகிறார்கள். 1992லிருந்து பெண்களும் போகிறார்கள், தங்கச்சிங்களும் இதக் கேட்டுக்குங்க. படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டான்: "அண்ணா, நான் ஆபிசரு ஆயிட்டேன்னு வச்சிக்க. எங்கனா ஒரு சேரிக்குள்ள ஆள அனுப்புன்னு எனுக்கு ஆர்டர் வந்தா நான் இன்னா பண்றது?"

கவுன்ட்டரில் கூட்டமாக இருந்தது. டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கூட்டத்துக்கு அவனைக் கூட்டி வந்தேன். கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நூலகத்தில் படிவம் நிரப்புகிறோம். ஆங்கிலத்தில் குழுவாகப் பேசிப் பழகுவதற்கு இன்னும் ஏழெட்டுப் பேர் வேண்டும். எழுதப் போகிறவர்கள் வாருங்கள், எழுத வேண்டாம் என்று நினைக்கிறவர்களும் வாருங்கள். தம்பி கேட்டதை அங்கே வைத்துப் பேசுவோம். இப்போது டீ வந்துவிட்டது.